தம்பி வெளிநாட்டில் வாலிபால் ஆடப் போகிறேன் என்கிறான். ஏஜென்ட் கேட்கும் பணத்தைக் கட்டலாமா?

தேரிக்காட்டு அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம் பக்கம். என் தம்பிக்கு 19 வயது, 191 செ.மீ. உயரம். எட்டாம் வகுப்பிலிருந்து அவனுக்கு வாலிபால்தான் எல்லாம். விடிந்தால் தேரி மணலில் ஓடுவான். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானம். கோடை வந்துவிட்டால் ஊர் ஊராக மின்னொளிப் போட்டி. இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாநில ஜூனியர் அணிக்கு ஒரு முறை ஆடியிருக்கிறான்.

அப்பா இல்லை. அம்மா ஓலைப்பெட்டி முடைகிறார். நான் நர்ஸாக வேலை பார்க்கிறேன்.

இப்போது இரண்டு காரியம் ஒன்றாக வந்து நிற்கிறது. ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் அணித் தேர்வுக்கு அவனை அழைத்திருக்கிறார்கள். தேறினால் வேலை கிடைக்கலாம். இன்னொரு பக்கம், போட்டி ஒன்றில் அறிமுகமான ஏஜென்ட் ஒருவர் ஐரோப்பாவில் இரண்டாம் டிவிஷன் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். பதிவுக் கட்டணம், விசா, ஐடிசி என்று 1,80,000 ரூபாய் கேட்கிறார். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று தம்பி சொல்கிறான். தேர்வுக்குப் போனால் அரசு வேலையில் மாட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் அலுவலகத்துக்கே ஆடிக்கொண்டிருக்க வேண்டும், வெளிநாடு போகவே முடியாது என்பது அவன் பயம்.

அவன் ஆசையைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் இந்தத் தொழில் நிஜத்தில் எப்படிப் போகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எத்தனை வயது வரை ஆடலாம், என்ன கிடைக்கும், பணம் கட்டுவது வழக்கமா? ஆடிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு ரசிகன் எழுதியது:

அக்கா, கட்டாதீர்கள். என் கூடப் படித்த பையன் இப்படித்தான் 90,000 கட்டினான். சுற்றுலா விசாவில் அனுப்பினார்கள். அங்கே போனால் லீக்கும் இல்லை, கிளப்பும் இல்லை. ஒரு அறையில் ஆறு பேரோடு மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அதன் பிறகு அவன் பந்தையே தொடவில்லை. பணத்தை விட அதுதான் எனக்கு வருத்தம்.

நாலாம் நம்பர் எழுதியது:

தங்கச்சி, நான் திசையன்விளைக்காரன், உங்களுக்குப் பக்கம்தான். பணத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கிளப்புக்கு ஆள் வேண்டுமென்றால் கிளப்தான் செலவழிக்கும். ஏஜென்டுக்கு உரிய பங்கு ஒப்பந்தத் தொகையிலிருந்து வரவேண்டியது, ஆட்டக்காரனின் அம்மா கழுத்திலிருந்து அல்ல. ஐடிசி என்று அவர் சொன்னது நிஜமாகவே இருக்கிற ஒரு தாள், சர்வதேச மாற்றுச் சான்றிதழ். ஒரு நாட்டுச் சம்மேளனத்தில் பதிவான ஆட்டக்காரர் இன்னொரு நாட்டின் லீகில் இறங்க வேண்டுமானால், உலக வாலிபால் சம்மேளனத்தின் விதிப்படி அது கட்டாயம். ஆனால் அதைக் கையில் காசு கொடுத்து வாங்க முடியாது. உங்கள் தம்பியை எடுக்கும் கிளப், அந்த நாட்டுச் சம்மேளனம், நம் சம்மேளனம் எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொண்டு முடிக்கிற காரியம் அது. கிளப் எது என்றே சொல்லாத ஒருவர் அதற்குப் பணம் கேட்கிறார் என்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

சரி, இனி தம்பியின் பயத்தைப் பற்றிப் பேசுவோம். அது நியாயமான பயம். பத்தொன்பது வயதில் எனக்கும் அதே பயம் இருந்தது.

நான் மிடில் பிளாக்கர், வலைக்கு நடுவில் நின்று எதிராளியின் அடியைத் தடுக்கிறவன். பல்கலைக்கழக அணிக்கு ஆடிவிட்டு, 1990களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு நிறுவனத்தில் சேர்ந்தேன். நடுவில் ஒரே ஒரு சீசன் வளைகுடாவில் ஒரு கிளப்புக்கு ஆடினேன். ஏழு மாதம் என்று பேச்சு. மூன்று மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது. நான்காவது மாதம் பிளாக் செய்துவிட்டு இறங்கும்போது எதிராளியின் கால் மேல் மிதித்துக் கணுக்கால் பிசகியது. பெஞ்சில் உட்கார்ந்த அன்றோடு சம்பளம் நின்றது. பாஸ்போர்ட் மேலாளரின் அலமாரியில் இருந்தது. ஒப்பந்தத்தில் காயம்பட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை என்பதை, அந்த மொழி தெரிந்த ஒரு மலையாளி டிரைவர் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஊருக்கு வந்தால் இங்கே அடுத்த அடி. "போயிட்டு வாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பிய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே அனுமதியில்லாமல் பணிக்கு வரவில்லை என்று எழுதியிருந்தது. இரண்டு வருட ஊதிய உயர்வு போனது. வேலையே போயிருக்கும், அணியின் பயிற்சியாளர் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கித்தான் காப்பாற்றினார். வெளிநாட்டில் ஆடியது தப்பு என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் தாளில் எழுதி வாங்காமல் போனதுதான் தப்பு.

வேலையில் இருந்தால் வெளியே ஆட முடியாது என்று தம்பி நினைக்கிறான் அல்லவா? அவனிடம், இந்திய அணிக்கு ஆடிய ஜிம்மி ஜார்ஜ் எந்த வரிசையில் போனார் என்று கேளுங்கள். பெயர் தெரிந்திருக்கும், வரிசை தெரிந்திருக்காது.

கண்ணூர் மாவட்டம் பேராவூரில் 1955இல் பிறந்தவர். அப்பாவும் வாலிபால் ஆடியவர், அவரிடம்தான் கற்றுக்கொண்டார். அண்ணன் தம்பிகள் எட்டுப் பேருமே ஆட்டக்காரர்கள். பதினாறு வயதில் கேரள மாநில அணி. பத்தொன்பது வயதில், அதாவது இன்றைக்கு உங்கள் தம்பிக்கு இருக்கும் வயதில், 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டு. 1976இல், 21 வயதில், அர்ஜுனா விருது. அதே வருடம் மருத்துவப் படிப்பை விட்டார். எதற்காக விட்டார்? கேரள போலீஸில் சேர்ந்து ஆடுவதற்காக. அங்கே இருந்துகொண்டே 1978 பாங்காக் ஆசிய விளையாட்டிலும் ஆடிவிட்டு, 1979இல்தான் அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குப் போனார். அங்கே 1982 வரை ஆடினார். இத்தாலிக்குப் போகும்போது வயது 27. அதற்குள் இந்திய அணியில் எட்டு வருடத்து ஆட்டம் அவர் கையில் இருந்தது. அவரை யாரும் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கவில்லை. வேண்டும் என்று கேட்டு அழைத்தார்கள்.

1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றது, அந்த அணியிலும் அவர் இருந்தார். அதற்குப் பிறகு ஆண்கள் வாலிபாலில் நமக்கு ஆசிய விளையாட்டுப் பதக்கமே வரவில்லை. அடுத்த வருடம் நவம்பர் 30 அன்று இத்தாலியில் கார் விபத்தில் இறந்தார். 32 வயது. எனக்கு அப்போது பதினாறு. டீக்கடையில் தொங்கிய பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலம் யாரும் வலை கட்டவில்லை. எங்கள் மைதானத்தில் அவரை ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாரும் அவரை மாதிரி அந்தரத்தில் ஒரு நொடி நின்று அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2018இல் என் மகள் வட இத்தாலியில் பிரெஷா நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் போனபோது, எனக்கு வேறு எந்த இடமும் வேண்டாம், மோன்டிகியாரிக்கு மட்டும் கூட்டிப் போ என்றேன். பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் போனோம். அங்கே ஒரு பெரிய உள்ளரங்கம் இருக்கிறது. பெயர் பாலாஜார்ஜ். விளையாட்டு அரங்கத்தின் பெயருக்கு முன்னால் அவர்கள் 'பாலா' சேர்ப்பார்கள். அந்த ஜார்ஜ், நம் பேராவூர் ஜார்ஜ்தான். உள்ளே ஆட்டம் எதுவும் இல்லை. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் "ஜிம்மி?" என்று மட்டும் கேட்டேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையை உயரத் தூக்கி விரித்து, கீழே இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்தக் கதையை நான் சொல்வது அவன் அந்த வேலைத் தேர்வுக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தான். நம் நாட்டில் இந்த ஆட்டத்தை இத்தனை வருடமாகச் சோறு போட்டு வளர்த்தது ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கிகள் மாதிரியான அணிகள்தான். சியோல் அணியில் ஆடிய பி. வி. ரமணாவும் அவர் மனைவி விஜயாவும் ரயில்வே ஆட்டக்காரர்கள். அவர்கள் மகள்தான் பேட்மிண்டன் சிந்து. மாதச் சம்பளம், முறையான பயிற்சியாளர், வருடம் முழுக்க ஆட்டம், காயம்பட்டால் மருத்துவம், எல்லாம் அங்கே உண்டு. தம்பி அதை ஜெயில் என்று நினைக்கிறான். எனக்குத் தெரிந்தவரை அவன் வயதில் அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இல்லை. இப்போது பிரைம் வாலிபால் லீக் வேறு இருக்கிறது, 2022இல் தொடங்கியது. அலுவலக அணிகளில் இருக்கும் பையன்கள் அதில் ஆடுகிறார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு ஒரே வலைக்கு முன்னால் நிற்கிறார்கள். 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க மிடில் பிளாக்கர் டேவிட் லீ இங்கே வந்து கேரள அணிகளுக்கு ஆடிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருந்திருந்தால் வளைகுடாவுக்குப் போயிருக்கவே மாட்டேன்.

எத்தனை வயது வரை என்று கேட்டீர்கள். உடம்பைப் பார்த்துக்கொண்டால் 33, 35 வரை. அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரும், பின் வரிசையில் பந்து எடுக்க மட்டுமே நிற்கும் லிபரோவும் இன்னும் கொஞ்சம் தாங்குவார்கள். மிடிலும் ஹிட்டரும் முட்டியில் போய் நிற்பார்கள், எனக்கு 31இல் முடிந்தது. பணம் கிளப்புக்குக் கிளப் மலையும் மடுவும். முதல் டிவிஷனில் பெரிய கிளப்பில் இருப்பவர்கள் நன்றாகச் சம்பாதிப்பார்கள். கீழே இறங்க இறங்க, தங்க அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் என்று ஆகிவிடும். அங்கே ஆடுகிற உள்ளூர்ப் பையன்கள் பகலில் வேறு வேலை பார்ப்பார்கள், படிப்பார்கள். இரண்டாம் டிவிஷன் என்று யாராவது சொன்னால் எந்த நாட்டின் இரண்டாம் டிவிஷன் என்று கேட்க வேண்டும்.

சேலம் பி.டி. டீச்சர் எழுதியது:

நாலாம் நம்பர் சார் தாளைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். நான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவள். என் பிள்ளைகளிடம் எப்போதும் தென் கொரியாவின் கிம் யோன் கூங் கதையைச் சொல்வேன். 192 செ.மீ. உயரம், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 207 புள்ளிகள். கொரியா நான்காம் இடம்தான், ஆனாலும் போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனை அவர்தான். அதே வருடம் துருக்கியின் ஃபெனர்பாசே கிளப்போடு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகும் வென்றிருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கே ஒப்பந்தத்தில் சிக்கல் வந்தது. கொரிய லீகில் ஆறு சீசன் ஆடினால்தான் சுதந்திரமாகக் கிளப் மாற முடியும் என்பது விதி. அவர் கொரியாவில் ஆடியது நான்கு. அதன் பிறகு ஜப்பானில் இரண்டும் துருக்கியில் ஒன்றும் கடனாக அனுப்பப்பட்டு ஆடியவை. அந்த மூன்றும் கணக்கில் சேருமா சேராதா என்று பழைய கிளப்போடு பெரிய தகராறு. உலகச் சம்மேளனம் வரைக்கும் போனது. உலகிலேயே சிறந்த ஆட்டக்காரி, உடம்பிலும் ஒரு குறையும் இல்லை, ஆனால் எந்தக் கிளப்புக்கு ஆடலாம் என்பதை ஒரு தாள் முடிவு செய்தது. பிறகு பழைய கிளப்புக்கே திரும்பி வந்து, 2025இல் அவர்களுக்குக் கொரியப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

இன்னொன்று. கிம் பள்ளிக்கூடத்தில் குள்ளமாக இருந்தவர். அடிக்க உயரம் போதாமல் சர்வீஸ் எடுப்பது, அதாவது எதிராளி போடும் சர்வீஸை வாங்கிக் கொடுப்பது, விழுகிற பந்தை எடுப்பது இதையே கற்றார். உயர்நிலைப் பள்ளியில்தான் சரசரவென்று வளர்ந்தார். உயரமும் வந்து, பந்து எடுக்கும் கையும் இருந்ததால்தான் அவரை எதிர்க்க யாராலும் முடியவில்லை. சின்ன வயதிலேயே உயரமான பிள்ளைகளுக்கு இது அப்படியே தலைகீழாக நடக்கும். வலைக்கு முன்னால் நிறுத்தி அடிக்கவிட்டே பழக்கிவிடுவோம். உங்கள் தம்பி சர்வீஸ் எடுப்பானா? முதலில் அதைக் கேளுங்கள்.

தேரிக்காட்டு அக்கா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துடைப்பக்காரர் வந்த இடத்தில் அம்மா அழுதுவிட்டார்.

நேற்று தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஏஜென்டுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். கிளப் பெயர் என்ன, ஒப்பந்தத்தின் நகல் தருவீர்களா, ஐடிசிக்கு எந்தச் சம்மேளனம் விண்ணப்பிக்கும் என்று மூன்று கேள்விதான் கேட்டேன். பாதித் தொகை கட்டினால்தான் கிளப் பெயர் சொல்ல முடியும், உங்களை மாதிரி சந்தேகப்படுகிறவர்களால்தான் நம் பையன்கள் முன்னேறுவதில்லை என்றார். தம்பி என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

ராத்திரி அவன் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். ஒன்று, ஜிம்மி ஜார்ஜ் காலம் வேறு, இப்போது ஐரோப்பாவில் எல்லாரும் இரண்டு மீட்டர், 191 செ.மீ.க்கு அங்கே இடம் இருக்கிறதா? இரண்டு, வேலை கிடைத்துவிட்டால் பிறகு வெளியே போக என்ன வழி? டீச்சர் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவன் அவுட்சைட் ஹிட்டர், வலையின் ஓரத்திலிருந்து அடிக்கிறவன். பின் வரிசைக்குப் போனால் கோச் அவனை மாற்றிவிடுவாராம். அதைச் சொல்லும்போது அவன் முகம் வாடிப்போனது.

நாலாம் நம்பர் எழுதியது:

தங்கச்சி, போனை அவனே அணைத்தான் என்றது எனக்கு நிறைவாக இருந்தது.

உயரத்துக்கு வருகிறேன். மிடிலில் ஆட வேண்டுமென்றால் 191 போதாது, அது உண்மை. அவுட்சைட் ஹிட்டருக்குக் கதவு திறந்திருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தம்பியை ஜப்பானின் யூகி இஷிகாவா ஆடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் 192. ஜப்பானில் சூவோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 2014இல், பத்தொன்பது வயதில், இத்தாலியின் மொடேனா கிளப்புக்குப் போனார். போனதும் நட்சத்திரம் ஆகிவிடவில்லை. ஒரு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தார். அப்புறம் லத்தீனா, சியேனா, பாதோவா. பெரிய பட்டங்களுக்கு ஆடும் கிளப்புகள் இல்லை அவை. ஆனால் அங்கே அவரைக் களத்தில் விட்டு ஆடவைத்தார்கள். அதன் பிறகு மிலானில் நான்கு வருடம். 2024இல் பெருஜா, அடுத்த வருடமே சாம்பியன்ஸ் லீக் பட்டம். மொடேனாவில் காலை வைத்ததிலிருந்து அந்தப் பட்டத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஜப்பான் அணிக்கும் அவர்தான் கேப்டன்.

அவருடைய ஸ்மாஷைப் பார்க்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். எதிராளி சர்வீஸ் போடும்போது அவர் கால் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு செட் முழுக்கப் பார்க்கட்டும். அங்கே ஜம்ப் சர்வீஸ் மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதை எடுத்துச் செட்டர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த நொடி ஓடிப்போய் அடிக்கவும் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவனிடம் ஏன் இரண்டு மீட்டர் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். நம் மின்னொளிப் போட்டிகளில் அடிக்கிறவனுக்குத்தான் கைதட்டு, மைக்கில் பெயர், சில சமயம் நூறு ரூபாய் நோட்டு. சர்வீஸ் எடுக்கிறவன் பெயர் மைக்கில் வந்து நான் கேட்டதே இல்லை. அவன் பின் வரிசையில் மாற்றப்படுகிறான் என்றால் அவன் குறை மட்டுமில்லை அது, நாங்கள் எல்லாரும் வளர்த்த விதம்.

இது சரிசெய்யக்கூடியது. தினமும் 150 சர்வீஸ் எடுக்கட்டும். ஒருவர் மேசை மேல் நின்று அடித்தால் மேலிருந்து வரும் பந்து கிடைக்கும். கையை வீசக் கூடாது, காலை முதலில் நகர்த்த வேண்டும். பத்தில் எத்தனை பந்து செட்டர் நிற்கும் இடத்துக்குப் போனது என்று அவனே நோட்டில் எழுதட்டும். என் கோச் எங்களுக்கு அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். மிடில்காரன் எனக்கு எதற்கு என்று நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

தேரியில் ஓடுவதை விட வேண்டாம், நல்லது. ஆனால் தாவும் பயிற்சியை சிமென்ட் தரையில் செய்யக் கூடாது. முட்டிச் சில்லுக்குக் கீழே வலித்தால் அன்றைக்குத் தாவுவதை நிறுத்த வேண்டும். எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு ஆடிவிடலாம் என்று நானும் நினைத்தவன்தான். நீங்கள் நர்ஸ், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த பிறகு வெளியே ஆடப்போக வேண்டுமென்றால் தடையில்லாச் சான்று வேண்டும், சம்பளமில்லா விடுப்புக்கு எழுத்தில் உத்தரவு வேண்டும். சேரும்போதே அந்த நிறுவனத்தில் விதி எப்படி, இதற்கு முன் யாருக்காவது கொடுத்திருக்கிறார்களா என்று அணியின் மேலாளரிடம் மரியாதையாகக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். கேட்பதில் தப்பே இல்லை. முதல் இரண்டு மூன்று வருடம் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அதற்குள் பையன் ஆட்டக்காரன் ஆகட்டும். வெளியிலிருந்து ஒப்பந்தம் வந்தால், காயம்பட்டால் சம்பளம் உண்டா, மருத்துவச் செலவு யாருடையது, தங்குமிடம், திரும்பி வர டிக்கெட், எந்தத் தேதியில் எவ்வளவு சம்பளம் என்று எல்லாமே எழுத்தில், அவனுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று, ஏஜென்ட் இல்லாமலே இப்போதே செய்யக்கூடியது. கிளப்காரர்கள் முதலில் கேட்பது ஆள் எவ்வளவு உயரம் என்பதை விட, தாவினால் கை எங்கே எட்டுகிறது என்பதைத்தான். ஆண்கள் வலை 2.43 மீட்டர். ஸ்மாஷ் அடிக்க ஓடி வந்து தாவும்போது ஒரு கை எட்டும் உயரம், நின்ற இடத்திலிருந்து பிளாக்குக்குத் தாவும்போது இரண்டு கை எட்டும் உயரம், இந்த இரண்டு அளவும் வேண்டும். விரல் நுனியில் சுண்ணாம்புப் பொடி தடவிச் சுவரில் தொட்டால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். வீடியோ எடுப்பதாக இருந்தால் ஸ்மாஷை மட்டும் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு எடுக்க வேண்டாம். எண்ட் லைனுக்குப் பின்னால் உயரத்தில் கேமராவை வைத்து, ஒரு முழு ஆட்டம், தப்பு விட்ட பந்துகளோடு இருக்கட்டும். தெரிந்தவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

தேர்வு என்றைக்கு?

தேரிக்காட்டு அக்கா எழுதியது:

இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது அண்ணாச்சி. போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

இன்று காலையில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் அளந்தோம். நின்றபடி கை எட்டுவது 248. ஓடி வந்து தாவினால் 326. இரண்டு கை பிளாக்குக்கு 304. அம்மா ஸ்டூல் மேல் ஏறித் தேதியைக் கரியால் எழுதினார். பக்கத்து வீட்டுப் பையன்கள் மூன்று பேரும் வந்து அளந்துகொண்டார்கள், சுவர் முழுக்க வெள்ளைக் கை.

சாயங்காலம் சர்ச் மைதானத்துப் பழைய மேசையைக் கேட்டு வாங்கியிருக்கிறான். அவன் கூட்டாளி மேலே நின்று அடிக்க, இவன் 150 எடுத்தான். நோட்டை நான்தான் பிடித்தேன். பத்துக்கு மூன்று, பத்துக்கு இரண்டு, பத்துக்கு நான்கு என்று போனது. கடைசிப் பத்தில் ஐந்து வந்தது. டீச்சர், கை வீசாமல் எடுக்க ஏதாவது தனிப் பயிற்சி இருந்தால் எழுதுங்கள். நாளைக்கு ஆறு மணிக்கு மறுபடி போகிறோம்.